வைக்கோல் தீட்டிய வண்ணம்

நெற்குப்பையில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரு பூச்சாடி இருக்கிறது. புதுச்சேரியில் வாங்கியது. அதற்கு மெருகும் இல்லை; தீட்டிய ஓவியமும் இல்லை. வெளிறிய மண்ணின்மீது செந்நிறக் கோடுகள் தாறுமாறாக ஓடுகின்றன. பள்ளியில் பயிலும் என் அண்ணன் மகள் அதைக் கண்டதும், “சித்தப்பா, சுடும்போது கெட்டுப்போனதா இது?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜப்பானில் ஒக்கயாமா மாநிலத்தில் பிஸன் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள குயவர்கள் பல நூற்றாண்டுகளாக மெருகுப் பூச்சு இன்றியே பாண்டம் சுடுகின்றனர். பைன் விறகிட்டு, ஒரு வாரத்திற்கும் மேலாக இரவு பகலாய்ச் சூளையை எரிப்பர். வெப்பம் ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸை எட்டும். அடுக்கிய பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க இடையே வைக்கோல் வைத்தனர். சூளையைப் பிரித்தபோது, வைக்கோல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது! வைக்கோலிலுள்ள பொட்டாசியமும் மண்ணிலுள்ள இரும்பும் தீயில் கூடி விளைத்த நிறம் அது. அதனைப் பழுதென்று அவர்கள் தள்ளவில்லை. ‘ஹிதசுகி’ எனப் பெயரிட்டு, வேண்டுமென்றே வைக்கோலைச் சுற்றிச் சுடலாயினர்.

பிஸனில் பயின்ற டெபோரா ஸ்மித் என்னும் அம்மையார், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். அங்குப் பயின்ற ஒருவர் வனைந்ததே எங்கள் சாடி.

தீயை வண்ணக்காரனாக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பாண்டங்களை நோக்குங்கள். உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் காற்றுப் பட்ட பக்கம் சிவந்தது. படாத பக்கம் கறுத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குயவர் இதனை அறிந்து ஆண்டனர்.

நெற்குப்பை என்றால் நெற்குவியல் என்று பொருள். நெல் குவிந்த ஊரில் வைக்கோலுக்கு என்ன பஞ்சம்? நாம் அதை மாட்டுக்கு இட்டோம், கூரையும் வேய்ந்தோம். பிஸன் குயவரோ அதைத் தூரிகையாக்கினர். எதிர்பாராத சிவப்பைக் கண்டவுடன் வீசி எறியாமல், “இது ஏன்?” என்று ஒருவர் கேட்டதன் பயன் அது.

என் அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மானாமதுரையில் கடம் சுடுகிறார்களே, அந்தச் சூளையில் கறுத்துப்போன பானைகளை என்ன செய்வார்கள் சித்தப்பா?” என்றாள். அடுத்த விடுமுறையில் அவளை அங்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன்.