நர்ஸ் படிப்பு: பட்டயமா, பட்டமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே வாதம் எழுகிறது. மகள் நர்ஸ் ஆக விரும்புகிறாள். அவளை மூன்றாண்டுப் பட்டயத்தில் சேர்ப்பதா, நான்காண்டு பி.எஸ்சி. பட்டத்தில் சேர்ப்பதா? ‘பட்டயம் படித்தால் கடைசிவரை ஸ்டாஃப் நர்ஸ்தான்’ என்று உறவினர் யாராவது சொல்லிவிடுவார். அது உண்மையா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

நோயாளியின் படுக்கையருகிலேயே பணிபுரிய விரும்பும் செவிலியர்க்கு நம் நாட்டில் இன்றுள்ள உயர்ந்த பயிற்சிகளுள் ஒன்று, தீவிர சிகிச்சைக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்னும் ஈராண்டுப் பட்டமேற்படிப்பு. (எம்.எஸ்சி. நர்சிங்கும் ஈராண்டுப் படிப்பே. அதை முடித்தோர் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியப் பணிக்குச் செல்கின்றனர்.) நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர, பி.எஸ்சி. நர்சிங் பட்டமும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். நேரே பட்டம் படித்தவர் 4+1+2 என ஏழு ஆண்டுகளில் இதை முடிக்கலாம். பட்டயம் பெற்றவர் ‘போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.’ என்ற ஈராண்டுப் படிப்பின் வழியாகப் பட்டதாரி ஆகலாம். அவருக்கு 3+2+1+2, அதாவது எட்டு ஆண்டுகள். வேறுபாடு ஓராண்டுதான்!

இது காகிதக் கணக்கு. வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கத் தொடங்கியபின், திருமணம், குழந்தை என்று வந்தபின், மீண்டும் ஈராண்டு வகுப்பில் உட்காருவது எளிதன்று. ஆகவே வீட்டால் தாங்க முடியுமானால் பட்டமே நல்லது என்பேன். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பட்டம் என்றால், பட்டயம் முடித்துச் சம்பாதித்துக்கொண்டு மேலே படிப்பதில் தாழ்வொன்றும் இல்லை.

மாற்றுவதற்குக் கடினமான முடிவு பதினோராம் வகுப்பிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங்கிற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் தேவை. பட்டயப் படிப்புக்குப் பிற பாடப்பிரிவினரையும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி அனுமதிக்கிறது. எனினும் அங்கும் அறிவியல் படித்தவரே விரும்பப்படுகின்றனர்.

நர்ஸுக்கு அறிவியலும் கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்திற்கு 5 மைக்ரோகிராம் வீதம் டோபமைன் செலுத்தும்படி டாக்டர் எழுதுகிறார். 60 × 5 = நிமிடத்திற்கு 300 மைக்ரோகிராம்; அதாவது மணிக்கு 18 மில்லிகிராம். ஊசிக்குழலில் 50 மில்லிலிட்டரில் 200 மில்லிகிராம் மருந்து கலந்திருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம். எனவே மணிக்கு 4.5 மில்லிலிட்டர் செல்லுமாறு பம்பைத் திருப்பி வைக்க வேண்டும். தசமப் புள்ளி தவறி 45 என்று வைத்துவிட்டால் மருந்து பத்து மடங்கு பாயும். இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களை அதிகம் அச்சுறுத்துவது கணக்கன்று, ஆங்கிலப் பாடநூல்கள். ஆனால் மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளால் ஆனவை. ஆங்கில வழி மாணவிக்கும் அவை புதியவையே. ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைடிஸ், ஹெபடைடிஸ். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி நீக்குதல்: டான்சிலெக்டமி. ‘ஹைப்போ’ குறைவைக் காட்டும். ‘ஹைப்பர்’ மிகுதியைக் காட்டும். ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது, உடனே சர்க்கரை தர வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்று தவறாகப் படித்து இன்சுலின் போட்டால் உயிர் போகலாம். இத்தகைய துண்டுகளை நாற்பது, ஐம்பது என்று ஒரு நோட்டில் எழுதி, விடுமுறையிலேயே பழகிக்கொண்டால் முதலாண்டின் பயம் பெருமளவு தீரும்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரைக் கேட்டு மயங்கிவிடவும் கூடாது. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இப்பயிற்சியைத் தொடங்கினர். இன்று அங்கே பல மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வையின்றியே மருந்து எழுதித் தருகிறார்கள். நம் நாட்டில் இவர்கள் மருத்துவமனையின் நெறிமுறைக்குள் நின்றே செயல்படுகின்றனர். அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு அதே அதிகாரத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எந்தப் படிப்பானாலும் பணம் கட்டுமுன் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனத்திற்குத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ளதா? இல்லையென்றால் படித்து முடித்தாலும் பதிவுச் சிக்கல் வரும். பதிவு இல்லாதவர் நர்ஸாகப் பணிபுரிய முடியாது. மாணவிகள் பயிற்சி பெறும் மருத்துவமனை எது? கல்லூரியைப் பார்க்கச் செல்லும் நாளில் வகுப்பறைகளோடு நின்றுவிடாமல் வார்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பாதிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தால், உங்கள் மகள் யாரிடம் தொழில் பழகுவாள் என்று அங்கேயே கேளுங்கள்.