முதல் கிளிக் மட்டும் ஏன் தாமதம்?

காலையில் முதலில் தளத்தைத் திறப்பவர் பல விநாடிகள் காத்திருக்கிறார். அடுத்தவருக்குப் பக்கம் உடனே வருகிறது. ஏன்? பெரும்பாலும் சர்வர் தளத்தை இயக்கும் செயலியையே நிறுத்திவைத்திருக்கும். மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ், அமைப்பை மாற்றாமல் விட்டால், 20 நிமிடம் யாரும் வராதபோது செயலியை மூடி நினைவகத்தை மிச்சப்படுத்தும். அடுத்த கோரிக்கை வந்ததும் கோப்புகளை ஏற்றி, டேட்டாபேஸ் இணைப்பு வரை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ‘கர்ல்’ கட்டளையில் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். பெயர் தேடலும் இணைப்பும் சட்டென முடிந்து, முதல் பைட் மட்டும் தாமதமானால் சந்தேகம் சர்வர் பக்கம்தான். லாக்கில் செயலி தொடங்கிய நேரம் உங்கள் கோரிக்கையோடு ஒத்துப்போனால் காரணம் சிக்கிவிட்டது. ஐஐஎஸ் என்றால், அந்த 20 நிமிட வரம்பான ஐடில் டைம்அவுட்டை 0 ஆக்குங்கள். ஒத்துப்போகவில்லையா? இதுதான் ஆளை அலைக்கழிக்கும் வகை: சும்மா கிடந்த டேட்டாபேஸ் இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் சொல்லாமல் துண்டித்திருக்கலாம். செயலியோ அது உயிரோடிருப்பதாக நம்பி, வராத பதிலுக்குக் காத்திருக்கும்.