அண்டாவின் நசுங்கலுக்கு யார் பதில் சொல்வது?

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பிரகாரத்தை உச்சி வெயிலில் சுற்றியவர்களுக்குக் கல் எப்படிச் சுடும் என்று தெரியும். நாமெல்லாம் நிழல் தேடித் தாவி ஓடுவோம். எங்கள் அடுக்ககத்தில் காவல் பார்க்கும் முன்னாள் ஹவில்தார் ஒருவர் அன்று நிதானமாக நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். "சுட்டதே தெரியலீங்க" என்றார். செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லையாம். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் கிடக்குமாம். அவருடைய காலுக்கும், அவர் பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய கடிதத்துக்கும் உள்ள தொடர்பை டீ குடித்துக்கொண்டே சேர்ந்து பார்ப்போம்.

முதலில் கால். தண்டுவடத்திலிருந்து கிளம்பிக் கைகால்களுக்குப் போகும் நரம்புகளைப் புற நரம்புகள் என்கிறோம். அவை பழுதாவதுதான் பெரிபெரல் நியூரோபதி. தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வீடுதானே? அதேபோல, உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால்விரல் வரை போகின்றன. கோளாறு வந்தால் விரல் நுனிதான் பெரும்பாலும் முதலில் மரத்துப்போகும். பிறகு காலுறை மாட்டியதுபோல மேலே ஏறும். எறும்பு ஊரும், பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கும், ராத்திரியில் எரியும்.

காரணங்கள் பல. சர்க்கரை நோய், பி12 குறைவு, குடி, தொழுநோய், கடுங்குளிரில் நாள்கணக்கில் கால் விறைத்துக் கிடந்தது. எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி கடிதம். நோயோடு ராணுவத்தை விட்டு வருபவரை மெடிக்கல் போர்டு பரிசோதிக்கும். அது இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதும். ஒன்று, ஊனம் எத்தனை சதவீதம்? இரண்டு, அது பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா? 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் டிஸபிலிட்டி பென்ஷன் உண்டு. 'வரவும் இல்லை, முற்றவும் இல்லை' என்று வந்தால் கிடையாது. இந்த முடிவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படைவீரர்கள் 'நானா' என்பார்கள். நம் ஹவில்தார் 2004-ல் வாங்கி வந்ததும் அந்த 'நானா'தான்.

இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புக்கணக்குப் போடுகிறோம். "குண்டடியா பட்டது? சர்க்கரைதானே. பட்டாளத்தால் வந்தது என்று நான் எப்படி நிரூபிப்பேன்?" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். அவர் காலத்துக்குப் பொருந்தும் 1982-ஆம் ஆண்டு விதிகள் சொல்வது நேர்மாறானது.

கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? கடைக்காரர் கொடுக்கும்போதே இருக்கிற நசுங்கலைச் சீட்டில் குறித்துவிடுவார். குறிக்காத நசுங்கலோடு திரும்பினால் எடுத்துப்போனவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீரரைச் சேர்க்கும்போது ராணுவம் தலை முதல் கால் வரை பரிசோதித்துத்தான் எடுக்கிறது. அன்றைய தாளில் நோய் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடு வந்தார் என்றே கொள்ள வேண்டும். உரிமை கோருபவரை நிரூபிக்கச் சொல்லக்கூடாது. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே என்கிறது விதி. களப்பணியில் இருந்தவருக்கு அதை இன்னும் தாராளமாகத் தரச் சொல்கிறது. காரணம் பிடிபடாத நோயாளிக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

நீதிமன்றமும் இப்படித்தான் பார்த்தது. சிக்னல்ஸ் பிரிவில் சுமார் ஒன்பது ஆண்டு சிப்பாயாக இருந்த தரம்வீர் சிங் வலிப்பு நோயால் 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம். பணியோடு தொடர்பில்லை என்றது போர்டு. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பென்ஷன் வழங்கச் சொன்னது. போர்டு தன் முடிவுக்குக் காரணமே எழுதவில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விதிகள் 2008-லும் 2023-லும் மாறின. பணிக்காலத்தில் நோய் தலைகாட்டியது என்பது மட்டுமே போதாது என்கிறது 2008 விதி. ஓய்வுபெற்றுப் 15 ஆண்டு கழித்துக் கோரினால் நிரூபிக்கும் சுமை கோருபவர்மேல் விழும் என்றும் சொல்கிறது. ஆகவே எந்தத் தேதியில் வெளியே வந்தோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நரம்பு நோய்க்கு இன்னொரு வழியும் உண்டு. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு, அங்கே தெளித்த களைக்கொல்லியின் விளைவாகவே சர்க்கரை வந்தது என்று அந்த நாடு ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரையால் நரம்பு கெட்டால் அதையும் கூடவே சேர்க்கிறது.  நம் விதிகளிலும் 'முற்றியது' என்ற சொல் இருக்கிறது. சர்க்கரை எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பணியில் பிடிபட்டது, கால் எப்போது மரக்கத் தொடங்கியது என்று வரிசையாக எழுதினால் சங்கிலி கண்ணில் படும்.

மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அடுத்து இரண்டாவது. அதற்குப் பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. காலம் கடந்தாலும் மனம் விடவேண்டாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதமான வழக்கையும் கேட்கிறார்கள். ஆனால் பாக்கித்தொகை பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான். வென்றால் 20 சதவீதத்தை 50-ஆகக் கணக்கிடும் முறையும் உண்டு. வயது முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

உங்கள் வீட்டிலோ வாசலிலோ ஒரு முன்னாள் படைவீரர் இருந்தால், டிரங்குப் பெட்டியைத் திறந்து மெடிக்கல் போர்டு தாளை எடுக்கச் சொல்லுங்கள். 'நானா' என்ற முடிவுக்குக் கீழே காரணம் எழுதியிருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து படியுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், மேல்முறையீட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.