சட்டம் எழுதக் கற்பிக்குமாறு

சட்டம் கற்றார் பலர்; கற்றதைத் தெளிவுற எழுதவல்லார் சிலரே. வழக்காடுவோன் தன் நிலத்தையும் மானத்தையும், ஒரோவழி உயிரையுமே, பிறனொருவன் எழுதும் சொற்களிடம் ஒப்புவிக்கின்றான். ஆதலின், சட்ட மாணாக்கர்க்கு எழுத்துப் பயிற்சி அளித்தல் ஆசிரியரது தலையாய கடன்களுள் ஒன்றாம். அதனை வகுப்பில் அளிக்குமாற்றைத் தமிழிலக்கணம் பயிலும் யாம், எமக்குப் பழகியதொரு நெறிகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சூத்திரத்தின் உட்பொருளை விளக்கும் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பவற்றை உறுப்புகளாக நன்னூலார் வகுத்தனர். இந்தியத் தண்டனைச் சட்டமும் இம்முறையோடு ஒருபுடை ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. மெக்காலே தலைமையில் அமைந்த குழுவினர் 1837-இல் வரைந்த அச்சட்டம் 1860-இல் நிறைவேறி, 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கண் பிரிவுகள் பலவற்றின்கீழ் எடுத்துக்காட்டுகள் உள்ளன. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவும் அம்மரபைக் கைவிட்டிலது.

திருட்டைப் பற்றிய பிரிவை வகுப்பிற்கு எடுத்துக்கொள்வோம். அது பழைய சட்டத்தில் 378-ஆம் பிரிவு, புதியதில் 303. ஆசிரியர் எடுத்துக்காட்டுகளை மறைத்து, விதியை மட்டும் கொடுப்பாராக. மாணாக்கர் முதற்கண் அதன் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக. பின்னர்ப் பதப்பொருள் காணுங்கால் ஐந்து கூறுகள் வெளிப்படும்: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், அது பிறர் கைவசம் இருத்தல், அவரது இசைவின்மை, கவரும்பொருட்டு அதனை இடம் பெயர்த்தல்.

அடுத்து, ஒவ்வொருவரும் இரண்டு எடுத்துக்காட்டுகள் எழுதுக. ஒன்று விதிக்கு உட்பட்டதாகவும், மற்றொன்று ஒரே கூறு குறைதலால் விதிக்குத் தப்புவதாகவும் இருத்தல் வேண்டும். அதன் பின்னரே சட்டம் தரும் எடுத்துக்காட்டுகளைக் காட்டுக. பிறர் நிலத்து மரத்தைக் கவரக் கருதி வெட்டியவன், அதனை மண்ணினின்று பிரித்த அப்பொழுதே திருடனாகின்றான். நின்ற மரம் அசையாப் பொருள், வெட்டுண்ட மரம் அசையும் பொருள். பெருவழியில் எவர் கைவசமும் இன்றிக் கிடந்த மோதிரத்தை எடுத்தவன் வேறு குற்றத்திற்கு ஆளாகலாம், திருடன் அல்லன். நண்பனது இசைவு உண்டென்றெண்ணி, படித்துத் திருப்பித் தரும் கருத்தோடு அவன் நூலொன்றை எடுத்துச் சென்றவனும் திருடன் அல்லன். இவற்றைத் தான் எழுதியவற்றோடு ஒப்பிடும் மாணாக்கன், ஒரு சொல்லின் நிறையைத் தானே உணர்வான்.

இறுதியில் வினாவும் விடையும். புதியதொரு நிகழ்ச்சியைக் கொடுத்து, அதில் எழும் வினா, அதற்குரிய விதி, நிகழ்ச்சியை விதியோடு பொருத்துதல், முடிவு என நான்கு பகுதிகளாக எழுதச் செய்க. புதிதாக எழுதுவோர் விதியைக் கூறியவுடன் முடிவிற்குத் தாவுதல் இயல்பு. இடையிலுள்ள பொருத்தமே வாதத்தின் உயிர் என்பதை அவர் மறக்கின்றனர். இதற்கு மருந்து, தாள்களை மாற்றிக் கொடுத்தலாம். எதிர்வாதியின் நிலையில் நின்று படிப்பவன், விடுபட்ட கூற்றினைக் கண்டு ஓரத்தில் ஒரு வினா எழுதுக. எழுதியவன் அதற்கு வாயால் விடை கூறாது, கட்டுரையைத் திருத்தி விடை தருக.

மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889), நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டனர். சட்டத்தின் பொருள் சட்டம் வல்லார்க்கு மட்டும் விளங்கினால் போதாது என்பதற்கு அவர் செயலே சான்றாம். ஆகலின், திருத்திய கட்டுரையைச் சட்டம் அறியாத ஒருவர்க்கு மாணாக்கன் படித்துக் காட்டுவானாக. முடிவும் அதன் காரணமும் அவர்க்கு விளங்குமாயின், அன்றைய பாடம் பயனுற்றதாம்.