பதினேழாம் பிரிவிலிருந்து நம் ஊர்க் காவல் நிலையம் வரை

தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்று அறிவித்த 17-வது பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாள் 1948 நவம்பர் 29. ஆனால் என்ன தண்டனை, யார் விசாரிப்பது, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதற்குத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் இன்றைய வடிவத்துக்கு வர, எழுபது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

விடுதலைக்கு முன்பே இதற்கு விதை போட்டவர்கள் நம் மண்ணில் உண்டு. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1938-ல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

சமரசத்துக்கு இடம் கொடுத்த சட்டம்

சுதந்திர இந்தியாவின் முதல் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல் வந்தது. கோயில், கிணறு, டீக்கடை எங்கே தடுத்தாலும் குற்றம் என்றது. ஆனால் நீதிமன்ற அனுமதியோடு இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஓர் ஓட்டையும் வைத்திருந்தது. கூலி கொடுப்பவரும் கூலி வாங்குபவரும் செய்துகொள்ளும் சமரசம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். புகார் கொடுத்தவர்தான் இறங்கிவர வேண்டியிருக்கும்.

இந்த நிலையை ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர், காட்டுமன்னார்கோயில் தந்த எல்.இளையபெருமாள். அவருடைய குழு 1969-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1976-ல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. சமரசத்துக்கு இடமில்லை, குறைந்தபட்ச தண்டனை உண்டு, விசாரணையில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தையே என்று அது சொன்னது.

ரத்தம் எழுதிய சட்டம்

ஆனால் இரட்டைக் குவளையைத் தண்டிக்கும் சட்டம் கொலைக்கும் தீவைப்புக்கும் போதுமா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1977-ல் பிகாரின் பெல்ச்சி, 1985-ல் ஆந்திராவின் காரம்சேடு என்று பட்டியல் நீண்டது.

இவற்றுக்குப் பிறகுதான் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. நிலத்தைப் பறிப்பது, தண்ணீரை அசுத்தப்படுத்துவது, ஆடையைக் களைந்து ஊர்வலம் விடுவது என்று குற்றங்களைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டது. முன்ஜாமீன் கிடையாது என்றது. சிறப்பு நீதிமன்றத்துக்கும் வழி செய்தது. 1995-ல் விதிகள் வந்தன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மீசையை மழிப்பதையும் செருப்பு மாலை போடுவதையும் ஊர் விலக்கத்தையும் பட்டியலில் சேர்த்தது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை செய்யலாம், கைது செய்ய முன் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்களும் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தடைகளை நீக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று உறுதிசெய்தது.

நாம் கேட்க வேண்டியவை

இத்தனை வளர்ந்த சட்டம் பல ஊர்களில் காவல் நிலைய வாசலிலேயே நின்றுவிடுகிறது. ‘மனு ரசீது வாங்கிட்டுப் போங்க, பேசித் தீர்த்துக்கலாம்’ என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. 1976-லேயே மூடிய கதவை வாய்ப்பேச்சால் திறக்கும் வேலை இது. இதற்கு நம்முடைய பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, அதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதி அனுப்பலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. எதிரி ஜாமீன் கேட்டால், நம் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும் என்கிறது 15-ஏ பிரிவு. நீதிமன்றத்துக்குப் போய்வரும் செலவுக்கும் விதிகளில் வழி இருக்கிறது.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கடைசியாக எப்போது கூடியது, எத்தனை வழக்குகளைப் பரிசீலித்தது, நிவாரணம் யாருக்கு நிலுவையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். கல்லூரி செல்லும் தம்பி தங்கைகள் தொடங்க வேண்டிய வேலை இது. மனுவை எழுதுங்கள், வரும் பதிலைத் தெருவில் எல்லாரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள்.