வெள்ளையிலும் எத்தனை வெள்ளை!

வன்னியின் கிரவல் வீதிகளில் ஓடும் பிக்கப் வண்டியிற் கல் தெறித்த வடு இல்லாதிருத்தல் அரிது. அது அழகுக் குறைவு மாத்திரமன்று. முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் வண்டியாயின், உப்புநீர் அவ்வடுவின் வழியே புகுந்து தகட்டைக் கறளாக்கிவிடும். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறு நட்டமன்று.

தீந்தை வாங்குமுன் நிற இலக்கத்தை அறிதல் வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் அது பெரும்பாலும் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள சிறு தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். டொயோட்டாவில் 040 என்பது ஒருவகை வெள்ளை. ஆயினும் அவ்விலக்கம் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தையே சொல்லும். பத்து வருட வெயில் குடித்த வெள்ளையை அஃது அறியாது! நாமும் ஒருமுறை பாலைமர நிழலில் நிறத்தை ஒப்பிட்டுப் பூசிவிட்டு, வெயிலுக்கு வந்ததும் பழஞ்சேலையிற் புதுத்துண்டு தைத்தாற்போன்ற கதவைக் கண்டு நாணினோம். தீந்தையைக் கடதாசி மட்டையிற் பூசி, உலரவிட்டு, வெயிலில் வண்டியோடு சேர்த்துப் பார்த்திருத்தல் வேண்டும்.

கறளை அரத்தாளால் தகடு ஒளிரும்வரை தேய்த்து, சவர்க்கார நீராற் கழுவி, நன்கு உலர்ந்தபின் அடிப்பூச்சு இடுக. அதன்மேல் மெல்லிய தூரிகையால் தீந்தையைத் தொட்டுவைத்து, அது காய்ந்தபின்னரே மறுபூச்சு இடல் வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் வழிந்துவிடும். இதற்குக் காலைப்பொழுதே ஏற்றது. சோளகம் எழுந்துவிட்டாற் செம்புழுதி ஈரத் தீந்தையில் வந்து குடியேறிவிடும்.