மஞ்சளாக மாறிய பென்சில் கரி!

பிள்ளைகள் எழுதும் பென்சிலுக்குள் கறுப்பாக ஒரு குச்சி இருக்கிறது. அதைப் பலர் ஈயம் என்று நினைக்கிறார்கள். அது ஈயம் அல்ல. கரி! 'கிராபைட்' என்று அதற்குப் பெயர். களிமண்ணோடு அதைக் கலந்து, சுட்டு, பென்சில் குச்சி செய்கிறார்கள்.

கிராபைட் பூமிக்கு அடியில் கிடைக்கிறது. இலங்கையில் அதற்குச் சுரங்கங்கள் இருக்கின்றன. நம் சிவகங்கைப் பக்கத்திலும் வெட்டி எடுக்கிறார்கள்.

இந்தக் கறுப்புக் கரி மஞ்சளாக மாறுமா? மாறும்!

சீட்டுக்கட்டு மாதிரி

கிராபைட்டில் கரி அணுக்கள் தேன்கூடு போல ஆறு கோணமாகக் கைகோத்து நிற்கின்றன. அப்படி அமைந்த தகடுகள், சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பிடிப்பு குறைவு. காகிதத்தில் தேய்த்ததும் தகடுகள் வழுக்கி ஒட்டிக்கொள்கின்றன. எழுத்து விழுகிறது.

தேடியது வேறு, கிடைத்தது வேறு

இங்கிலாந்தில் பெஞ்சமின் பிராடி என்ற விஞ்ஞானி இருந்தார். கிராபைட் அணுவின் எடையைக் கண்டுபிடிக்க அவர் விரும்பினார். கிராபைட் தூளோடு பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைக் கலந்தார். கடுமையான நைட்ரிக் திராவகத்தை ஊற்றினார். 60 டிகிரி சூட்டில் 3, 4 நாட்கள் வைத்தார். கழுவினார், உலர்த்தினார், மறுபடியும் அதையே செய்தார்.

கறுப்புத் தூள் கடைசியில் மஞ்சள் நிறமாகி விட்டது!

காரணம் என்ன? பிராணவாயு. இரும்போடு அது சேர்ந்தால் துரு. கிராபைட் தகடுகளில் அது ஒட்டிக்கொண்டால் 'கிராபைட் ஆக்சைடு'. புதுப் பொருளின் 100 பங்கில் சுமார் 61 பங்கு கரி, 37 பங்கு பிராணவாயு, மிச்சம் ஹைட்ரஜன் என்று பிராடி கணக்கிட்டார். 1859-ல் இது வெளியாயிற்று.

அணு எடை 33 என்று அவர் முடிவு கட்டினார். அது தவறு. கரி அணுவின் எடை 12. ஆனால் அவர் செய்த பொருள் நிலைத்து விட்டது.

வெடிக்கும் அபாயம்!

1898-ல் ஸ்டாடன்மயர் என்பவர் கந்தகத் திராவகத்தையும் சேர்த்தார். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அப்போது கிளம்பும் குளோரின் டையாக்சைடு வாயு எந்த நேரமும் வெடிக்கலாம்! ஆராய்ச்சிக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

1958-ல் அமெரிக்காவில் ஹம்மர்ஸ், ஆப்மன் என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். குளோரேட்டை விட்டு விட்டு, பெர்மாங்கனேட்டைப் போட்டார்கள். பனிக்கட்டியில் வைத்துச் சூட்டை 20 டிகிரிக்குள் அடக்கினார்கள். வாரக் கணக்கான வேலை 2 மணி நேரத்துக்குள் முடிந்தது.

ஆனாலும் கவனம் தேவை. சூடு மீறினால் இந்தக் கலவையும் வெடிக்கும். வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

செய்த பொருள் சரியானதுதானா? மஞ்சள் நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

முதலில் எக்ஸ்ரே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். கிராபைட்டின் தகடுகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. பிராணவாயு புகுந்தபின் அது சுமார் இரண்டு மடங்காகிறது. ஈரம் பட்டால் இன்னும் விரிகிறது. எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும்.

அடுத்தது மின்சாரம். கிராபைட்டில் மின்சாரம் நன்றாக ஓடும். ஆக்சைடில் ஓடாது. அதைச் சூடேற்றிப் பிராணவாயுவை விரட்டினால், மறுபடி கறுக்கும்; மின்சாரமும் ஓரளவு ஓடும். ஆனால் தகடுகளில் ஓட்டைகளும் வடுக்களும் தங்கிவிடும்.

அந்த வடுக்களைக் காட்டிக் கொடுப்பது எது? 'ராமன் ஒளி'! திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது. ஒரே நிற ஒளியைப் பொருளின் மேல் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அதில் கரிக்கு இரண்டு முக்கிய அடையாளங்கள் உண்டு. ஒன்று தகட்டின் ஒழுங்கைச் சொல்லும். மற்றது குலைவைச் சொல்லும்.

இன்று கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு செய்ய, இந்த ஆக்சைடை ஆராய்கிறார்கள். அந்தச் சவ்வு சரியாக அமைந்ததா என்று பார்க்கவும், ராமன் ஒளி உதவுகிறது!